பழைய கேம் டிஸ்க்கை வடசென்னையில் எங்கே விற்கலாம்: பர்மா பஜாரா, ஓஎல்எக்ஸா, பக்கத்துத் தெரு கேம் சென்டரா?

பழைய பிஎஸ்4, பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன்) டிஸ்க்கைக் கையில் காசாக்க எது நல்ல இடம் என்று கேட்டால் என் பதில் தெருவுக்குள் மணிக்கணக்குக்கு விளையாட விடுகிறார்களே, அந்த கேம் சென்டர்தான். அதற்கு அடுத்து ஓஎல்எக்ஸ். பர்மா பஜார் மூன்றாவது. கூரியரில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும் ஆன்லைன் கம்பெனிகள் கடைசி. ஆனால் இந்த வரிசை எல்லா கேமுக்கும் பொருந்தாது, கையில் இருக்கும் டிஸ்க்கைப் பொறுத்து அப்படியே தலைகீழாகவும் மாறும்.

என்னிடம் இருந்தவை ஃபிஃபா 23, டெக்கன் 7, ஒரு டபிள்யூடபிள்யூஇ, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, காட் ஆஃப் வார் ராக்னராக், பிசிக்கான ஜிடிஏ 5 பெட்டி, அப்புறம் அண்ணன் காலத்து பிஎஸ்2 சிடி ஒரு கட்டு.

எது விலை போகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அலைச்சலாவது மிச்சமாகும். ஜிடிஏ 5 பிசி பெட்டியில் ஏழு டிவிடி இருக்கும், பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் ஆக்டிவேஷன் கோட் நம்பர் முதலில் வாங்கியவரின் அக்கவுண்டில் ஏறிவிட்டால் மிச்சம் வெறும் பிளாஸ்டிக். பிஎஸ்2 சிடிக்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பஜாரில் வாங்கிய திருட்டு காப்பி, அதை யாரும் தொட மாட்டார்கள். பிஎஸ்5 வாங்கும்போது பெட்டியோடு வவுச்சராக வந்த கேம், ஆன்லைன் ஸ்டோரில் வாங்கிய கேம் எதையும் விற்க வழியே இல்லை. சிலர் அக்கவுண்டையே விற்கிறார்கள், அது சோனியின் விதிக்கு விரோதம், வாங்குகிறவனுக்கும் தலைவலி.

இனி பர்மா பஜார். பீச் ஸ்டேஷன் எதிரில் ராஜாஜி சாலை ஓரமாக நீளும் கடைகள், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் வந்த சந்தை. வாங்கப் போனால் அங்கே கிடைக்காதது குறைவு. விற்கப் போனால் கதை வேறு. கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பி மொபைல் டார்ச்சில் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், அப்புறம் "கேஷா தம்பி, எக்ஸ்சேஞ்சா?" என்பார். இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கடையில் ராக்னராக்குக்கு கேஷ் என்றால் 700, எக்ஸ்சேஞ்ச் என்றால் 1,200 என்றார்கள். கேட்டவுடன் எக்ஸ்சேஞ்ச்தான் லாபம் போலத் தோன்றும். ஆனால் பதிலுக்கு நான் எடுக்க நினைத்த டிஸ்க்குக்கு அவர்கள் போட்ட விலை 1,800, அதே டிஸ்க் அதே வாரம் ஓஎல்எக்ஸில் 1,200க்குக் கிடந்தது. ஆக, வாங்கும் டிஸ்க்கில் கூடுதலாகப் போகிற 600ஐக் கழித்தால் என் டிஸ்க்குக்குக் கிடைப்பது 600தான், கேஷை விட நூறு ரூபாய் கம்மி. "பாய், இது எனக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வாடகை, கரண்ட், விற்காமல் தேங்கும் டிஸ்க் எல்லாம் அவர் தலையில்தானே. ஆனால் எந்தக் கடையிலும் கேஷ் விலையை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் எக்ஸ்சேஞ்ச் பேசுங்கள்.

ராக்னராக் இவ்வளவு இறங்கியதற்குக் காரணமும் இருக்கிறது. 2022 நவம்பரில் வந்தபோது பிஎஸ்5 டிஸ்க் 4,999 ரூபாய். 2025 ஜனவரியில் அது சோனியின் சந்தாத் திட்டமான பிஎஸ் பிளஸ் எக்ஸ்ட்ராவில் சேர்ந்துவிட்டது, சந்தா கட்டுகிறவன் சும்மா விளையாடலாம் என்றால் என் டிஸ்க்கை எவன் வாங்குவான்? பெரிய கதை கேம் கையில் இருந்தால் முடித்த மாதமே விற்றுவிடுவது நல்லது. "இன்னொரு தடவை விளையாடுவேன்" என்று அலமாரியில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் விளையாடுவதில்லை, எனக்குத் தெரிந்து ஒருத்தர்கூட இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டும் மெட்ரோவில் ஏறினால் கிட்டத்தான், ஆனால் அது கன்ட்ரோலர் ரிப்பேருக்கும் கேபிளுக்கும் போக வேண்டிய இடம், டிஸ்க்குக்காக அங்கே போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள், முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும்.

கேம் சென்டருக்கு வருவோம். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் சந்துக்குள் ரெண்டு மூன்று டிவி போட்டு ஓடுகிற இடங்களைச் சொல்கிறேன். இவர்களுக்கு வேண்டியது ரெண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொள்கிற கேம், அதாவது ஃபுட்பால், டெக்கன், டபிள்யூடபிள்யூஇ. வியாசர்பாடியில் ஃபுட்பால் மேல் இருக்கும் வெறி ஊருக்கே தெரியும், அது டிவி திரையிலும் அப்படியே இருக்கிறது. டிஸ்க் அங்கே நாள் முழுக்க ஏறி இறங்கித் தேய்வதால் அவர்களுக்கு மாற்று டிஸ்க் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், உறை கிழிந்திருந்தாலும் கவலைப்பட மாட்டார்கள், கன்சோலில் போட்டுப் பார்த்து ஓடினால் சரி. டெக்கன் 7, டபிள்யூடபிள்யூஇ ரெண்டையும் பஜார் சொன்னதை விட நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார்கள், பேரமே பேசவில்லை. ஃபிஃபா 23க்குத்தான் முகம் சுளித்தார் ஓனர் அண்ணன். "பசங்க எம்பாப்பே ரியல் மாட்ரிட்ல இருக்கணும்னு கேக்குறாங்கப்பா, இதுல இன்னும் பாரிஸ்லயே ஆடுறான்." நியாயம்தான், அவன் மாறியது 2024இல். கடைசியில் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டார், ஃபிஃபாவுக்குக் கொடுத்தது பிரியாணிக் காசு. கதை கேமை அங்கே எடுத்துப் போகாதீர்கள், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஐம்பது மணி நேரக் கதையை யாரும் விளையாட மாட்டார்கள். இன்னொன்று, பாதிக் காசு இப்போது, மீதி சனிக்கிழமை என்பார்கள். முழுக் காசு வந்தால்தான் டிஸ்க் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கதை கேமுக்கு ஓஎல்எக்ஸ்தான். பொறுமை வேண்டும். போட்டோ போட்ட பத்தாவது நிமிடம் "லாஸ்ட் ப்ரைஸ் ப்ரோ?" என்று வரும், பதில் சொன்னால் ஆளைக் காணோம். நேரில் வருகிறேன் என்று ஒருவர் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் என்னைக் காக்க வைத்துவிட்டு போனை ஆஃப் செய்ததும் நடந்தது. ஆனாலும் ரெட் டெட் 2க்கு நான் நினைத்த விலை இங்கேதான் கிடைத்தது. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, க்யூஆர் அனுப்புகிறேன் ஸ்கேன் பண்ணுங்கள் என்று ஒருவன் வந்தால் உடனே பிளாக் செய்யுங்கள். காசு நமக்கு வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், பின் போட்டால் போவது நம் காசு.

ரெட் டெட் 2 பிஎஸ்4 பெட்டியில் ரெண்டு டிஸ்க் உண்டு, டேட்டா ஒன்று, பிளே ஒன்று. பிளே டிஸ்க் கன்சோலுக்குள்ளேயே இருக்கும், டேட்டா டிஸ்க் எங்கேயோ கிடக்கும், ஒன்று இல்லாவிட்டாலும் இன்னொன்றுக்கு மதிப்பில்லை. விற்பதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கீறல் விழுந்த டிஸ்க்கில் டூத்பேஸ்ட் தேய்க்கும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிடி, டிவிடி காலத்தில் அது ஓரளவு எடுபட்டது, ஏனென்றால் டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, தேய்க்க இடம் உண்டு. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் ப்ளூரே. அதில் வெறும் 0.1 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் ஒரு கெட்டியான பூச்சு. நாம் தேய்த்தால் போவது அந்தப் பூச்சுதான். லேசான முடிக்கீறலுக்கு யாரும் விலை குறைக்கக் கூடாது, குறைத்தால் அவர்கள் கன்சோலிலேயே போட்டுக் காட்டுங்கள்.

ஆன்லைன் கம்பெனிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெப்சைட்டில் ஒரு விலை காட்டினார்கள், டிஸ்க் போய்ச் சேர்ந்த பிறகு "உறையில் மடிப்பு இருக்கிறது" என்று வேறு விலை சொன்னார்கள், திருப்பி வாங்க வேண்டுமென்றால் கூரியர் செலவு என்னுடையது. முப்பது நாற்பது டிஸ்க் மொத்தமாக வைத்திருந்து, அலைய நேரமே இல்லாதவர்களுக்கு வேண்டுமானால் சரி.

எப்போது விற்பது என்றால் ஃபுட்பால் டிஸ்க்கை ஆகஸ்ட்டுக்குள். செப்டம்பரில் அந்த ஃபுட்பால் கேமைப் போடும் ஈஏ கம்பெனி புதிதாக ஒன்று இறக்கிவிடும், பழையதற்கு மவுசு போய்விடும். மற்றதை தீபாவளிக்கு முன்னால். தீபாவளி சமயத்தில் புது டிஸ்க்குக்கே தள்ளுபடி வரும், உங்கள் பழைய டிஸ்க்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.