முதிய பூனைக்கான தாழ்வாசல் லிட்டர் பாக்ஸ்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பெட்டியின் நீளம் 56 சென்டிமீட்டர், அகலம் 41. மூன்று பக்கச் சுவர்கள் 24 சென்டிமீட்டர் உயரம் கொண்டவை. நான்காவது பக்கத்தில் மட்டும் நடுவில் வெட்டி இறக்கி, தரையிலிருந்து 7 சென்டிமீட்டர் உயரத்தில் வாசல் அமைத்திருக்கிறார்கள். மூடி கிடையாது, ஆடும் கதவு கிடையாது. பூனை மலமும் சிறுநீரும் கழிப்பதற்காக மணல் பரப்பி வைக்கும், இணையத்தில் 1,350 ரூபாய்க்கு வாங்கிய இந்தச் சாதாரண பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், எங்கள் வீட்டில் இருக்கும் 15 வயது நாட்டுப் பூனையான மீனுவும், அவளுடைய மலச்சிக்கலும்தான்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது மூடி போட்ட, முன்புறம் கதவு ஆடுகிற, இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள பெட்டி. அதை மீனு ஆறு ஆண்டுகள் குறையின்றிப் பயன்படுத்தினாள். சென்ற ஆண்டின் பிற்பகுதியில்தான் குளியலறை வாசலில் கிடக்கும் கால்மிதியின் மேல் ஆட்டுப் புழுக்கை போலக் காய்ந்து இறுகிய மலத்தைக் காணத் தொடங்கினோம். சிறுநீருக்கு மட்டும் ஒழுங்காகப் பெட்டிக்குப் போவாள். மலம் கழிக்க உள்ளே போனால் பாதியில் வெளியே வந்து, இரண்டடி நடந்து, கால்மிதியில் முடிப்பாள். "வயதாகிவிட்டது, புத்தி மாறிவிட்டது" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மூன்று நாட்கள் மலமே கழிக்காமல், உண்டதையும் வாந்தியெடுத்த பிறகு மருத்துவரிடம் கொண்டுபோனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோதே பெருங்குடல் கல் போல நிறைந்திருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தில் அதோடு இடுப்பு மூட்டுகளிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் தேய்மானம் தெரிந்தது. இரத்தப் பரிசோதனை சிறுநீரகத்தின் திறன் குறையத் தொடங்கியிருப்பதைக் காட்டியது. இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்திழுப்பவை. சிறுநீரகம் தளர்ந்தால் உடலின் நீர் சிறுநீராக அதிகம் வெளியேறும். அந்த இழப்பை ஈடுகட்டப் பெருங்குடல் மலத்திலிருந்து கூடுதலாக நீரை உறிஞ்சும். இறுகிய மலத்தை வெளித்தள்ள நெடுநேரம் குந்தியிருக்க வேண்டும். தேய்ந்த இடுப்பால் அது முடியாது. வலி எங்கே வந்ததோ அந்த இடத்தையே பூனை வெறுக்கத் தொடங்கும். மீனுவுக்கு அந்த இடம் பெட்டி. முதிய பூனைகளிடம் மூட்டுத் தேய்மானம் அரிதான நோயும் அன்று: 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு அதன் அடையாளம் இருந்தது. நாய் நொண்டும்போது நமக்குத் தெரிகிறது; பூனையோ வெறுமனே தாவுவதைக் குறைத்துக்கொள்கிறது.

தோலுக்கடியில் சலைன் ஏற்றி, மருத்துவமனையிலேயே எனிமா கொடுத்தார்கள். அம்மா விளக்கெண்ணெய் பற்றிக் கேட்டதற்கு மருத்துவர் உறுதியாக மறுத்தார். பூனையின் வாயில் வலிந்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து உண்டாம். மருந்துக்கடையில் மனிதர்களுக்கென்று விற்கும் பாஸ்பேட் எனிமாவைப் பயன்படுத்தவே கூடாது, அது பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்றும் எச்சரித்தார். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பை எடைக்கேற்ற அளவில் எழுதிக் கொடுத்து, உலர் உணவைக் குறைத்து ஈர உணவைக் கூட்டச் சொன்னார். கடைசியாக, கிளம்பும் நேரத்தில், "வீட்டில் இருக்கும் லிட்டர் பாக்ஸின் வாசல் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன்: 18 சென்டிமீட்டர். அப்படித்தான் இந்தப் பெட்டி வாங்கப்பட்டது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். வாசல் தாழ்வாக இருப்பதால் மீனு பின்னங்காலைத் தூக்க வேண்டியதில்லை. நடந்தபடியே உள்ளே போகிறாள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது பெட்டி நீளமாக இருக்க வேண்டும் என்பார்கள். மீனுவுக்கு இந்தப் பெட்டியில் போதிய இடம் இருப்பதால், உள்ளேயே ஒருமுறை சுற்றி வந்து, தனக்கு வசதியான கோணத்தில் குந்த முடிகிறது. மூடி இல்லாததால் நாற்றம் உள்ளே தேங்குவதில்லை. முன்பு அந்த மூடி எங்கள் மூக்கைக் காத்துக்கொண்டிருந்ததே தவிர, அவளுடைய மூக்கை அல்ல.

இனிக் குறைகள். பெட்டி மிக இலேசானது. மீனு வாசல் விளிம்பில் காலை ஊன்றும்போதெல்லாம் டைல்ஸ் தரையில் வழுக்கி நகர்ந்தது. தளர்ந்த காலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. அடியில் பழைய யோகா விரிப்பை வெட்டிப் போட்ட பிறகே சரியாயிற்று. விற்பனைப் பக்கத்தில் காட்டியிருந்த ரப்பர் கால்கள் எங்களுக்கு வந்த பெட்டியில் இல்லை. கூட வந்த அள்ளும் கரண்டியின் துளைகள் மிகப் பெரியவை; சிறு கட்டிகள் அப்படியே நழுவி விழுந்துவிடுகின்றன. மூலைகளின் அடிப்பகுதியில் ஒரு பள்ளமான கோடு ஓடுகிறது. அதில் படியும் அழுக்கை எடுக்கப் பழைய பல் துலக்கும் பிரஷ் வேண்டியிருக்கிறது.

ஆனால் பெரிய குறை வாசலின் அமைப்பிலேயே இருக்கிறது. மூட்டு வலியுள்ள பூனை முழுதாகக் குந்தாமல் அரைநிலையில் நின்றபடி சிறுநீர் கழிக்கும். மீனுவின் பின்புறம் வாசல் பக்கம் அமைந்துவிட்டால் சிறுநீர் நேராக வெளியே வந்துவிடும். முதல் இரண்டு வாரங்கள் செய்தித்தாள் விரித்தே கழிந்தன. பிறகுதான் நான் வாசலைச் சுவர்ப் பக்கமாகப் பார்த்து வைத்திருந்தது தவறு என்று புரிந்தது. எவர் வருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பது அவள் வழக்கம். ஆகவே அறையைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். வாசலை அறைப் பக்கம் திருப்பி வைத்ததும் பின்புறம் உயரமான சுவருக்குப் போயிற்று, ஒழுகலும் நின்றது. இந்த ஒரு வரியைத் தயாரிப்பாளர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கலாம்.

மணலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். லாவெண்டர் மணம் சேர்த்ததை நிறுத்திவிட்டு, மணமில்லாத, நுண்ணிய, கட்டி சேரும் பெண்டோனைட் மணலுக்கு மாறினோம். நம் நாட்டிலேயே கட்ச் பகுதியில் ஏராளமாக வெட்டியெடுக்கப்படும் களிமண்தான் இது. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்புகிறோம்; அதற்கு மேல் போனால் கால் புதைந்து தடுமாறுகிறாள். சோயா சக்கையில் செய்யும் டோஃபு லிட்டரையும் முயன்றோம். தூசு பறப்பதில்லை, உண்மைதான். ஆனால் அதன் குச்சி வடிவத் துண்டுகள் அவள் பாதங்களுக்குப் பிடிக்கவில்லை, சென்னையின் ஐப்பசி ஈரத்தில் திறந்த பை ஒரே வாரத்தில் புளித்த வாடை வீசியது.

பெட்டியை மாற்றியதால் மலச்சிக்கல் தீரவில்லை. தீரும் என்று எதிர்பார்ப்பதும் கூடாது. சிரப்பும் ஈர உணவும் மலத்தை இளக்கின, பெட்டி வெளியேற்றும் வேலையை எளிதாக்கியது. இப்போது பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை போகிறாள், கால்மிதியை விட்டுவிட்டாள். இதைப் படித்துப் பெட்டி வாங்கக் கிளம்புபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பெட்டியில் அமர்ந்து முக்கும் பூனைக்கு அடைபட்டிருப்பது மலம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆண் பூனையாக இருந்து, சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தால், ஓரிரு நாட்களிலேயே உயிர் போய்விடலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

1,350 ரூபாய் இதற்குத் தகுமா? வாங்கியதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் மலத்துக்கும் சிறுநீருக்கும் தனித்தனி இடத்தை விரும்பும் பூனைகள் உண்டு என்று கேட்டு, இரண்டாவது பெட்டிக்காகப் பாரிமுனையில் 280 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். சூடாக்கிய கத்தியால் ஒரு பக்கத்தில் வாசல் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பால்கனிக் கதவோரம் வைத்தேன். மீனு மலம் கழிக்க அதற்குத்தான் போகிறாள். 1,350 ரூபாய்ப் பெட்டி சிறுநீருக்கு மட்டும்.