செய்திமடலுக்குச் சந்தாதாரர் பிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

இன்ஸ்டாகிராம், பின்டரஸ்ட் வழியாக உங்கள் செய்திமடலுக்கு ஆள் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். நான் எம்பிராய்டரி பற்றி வாரம் ஒரு மடல் அனுப்புகிறேன். பட்டியல் சின்னதுதான். ஆனால் அதில் இருப்பவர்கள் பதில் எழுதுவார்கள், தாங்கள் தைத்ததைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு நிறுவனம் அந்தப் பட்டியலைக் கிட்டத்தட்ட நாசமாக்கிவிட்டது.

பேச்சு நம்பும்படியாகத்தான் இருந்தது. கண்ணால் பார்த்து ரசிக்கிற விஷயம் இது, படம் பார்த்து வருபவர்கள் மடலுக்கும் வருவார்கள் என்றார்கள். அதில் தப்பில்லை. ஒவ்வொரு ரீலிலும் மடலின் இணைப்பு இருக்கும், மாதக் கடைசியில் அறிக்கை வரும், இத்தனை பேர் நிச்சயம் என்று உத்தரவாதமும் தந்தார்கள்.

எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அறிக்கையும் வண்ண வண்ண வரைபடங்களோடு வந்தது. ஆனால் புதிதாக வந்தவர்களிடமிருந்து ஒரு பதில் கூட இல்லை. கேட்டதற்கு, மடலைத் திறப்பவர்களின் சதவீதம் நன்றாகத்தானே இருக்கிறது என்று காட்டினார்கள். அந்தச் சதவீதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மடலில் உள்ள படம் இறங்கினால்தான் அதைத் திறந்ததாகக் கணக்கு ஏறும். 2021இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, தனியுரிமைப் பாதுகாப்பைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் மெயில் அந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. அதனால் ஆள் படிக்காவிட்டாலும் திறந்ததாகவே காட்டும்.

அப்புறம் பட்டியலை இறக்கி வரிவரியாகப் பார்த்தேன். ஒரே ஜிமெயில் முகவரி, புள்ளியை மட்டும் இடம் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப இருந்தது. ஜிமெயில் பெயரில் உள்ள புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எங்கே புள்ளி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆனால் மடல் அனுப்பும் சேவையில் ஒவ்வொன்றும் தனி ஆள். சேர்ந்த நேரத்தைப் பார்த்தால், சில நொடி இடைவெளியில் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. இன்ஸ்டாகிராம் தரும் புள்ளிவிவரப் பக்கமான இன்சைட்ஸில் இணைப்பை எத்தனை பேர் தொட்டார்கள் என்று தெரியும். அந்த எண்ணோ மிகச் சொற்பம். இணைப்பையே தொடாதவர்கள் எப்படிச் சந்தாதாரர் ஆனார்கள்?

இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்கள் நிஜமான மனிதர்கள், வேறு ஏதோ பக்கத்தில் நடந்த பரிசுப் போட்டிக்காக மின்னஞ்சல் கொடுத்தவர்கள். அந்த முகவரிகளை அப்படியே என் பட்டியலில் கொட்டியிருக்கிறார்கள். போலி முகவரிகளைவிட எனக்கு அதிகக் கெடுதல் செய்தது இதுதான். யாரென்றே தெரியாத ஒருத்தியிடமிருந்து மடல் வந்தால் ஸ்பேம் என்று அழுத்தத்தானே செய்வார்கள்? அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, தன் பயனர்களுக்கு அனுப்புபவர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது ஜிமெயில். ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். நீண்ட நாள் வாசகி ஒருவர், “ஏன் மடலை நிறுத்திட்டீங்க?” என்று கேட்டு எழுதினார். நான் நிறுத்தவே இல்லை. எல்லாம் அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தன.

நிறுவனத்திடம் கேட்டால், “சேர்த்துத் தருவதுதான் எங்கள் வேலை, படிக்க வைப்பது உங்கள் எழுத்தின் வேலை” என்றார்கள். பணம் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தில் சேர்க்கை எண்ணிக்கை என்று மட்டும்தான் இருக்கிறதாம். இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லையும் முதலில் கேட்டார்கள். நான் தரவில்லை, மெட்டாவின் பிசினஸ் பக்கம் வழியாக அனுமதி மட்டும் கொடுத்திருந்தேன். அதனால் ஒரே நாளில் அவர்களை வெளியே அனுப்ப முடிந்தது. கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இந்தத் தளங்கள் நிஜமாக எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்திருந்தால் இவர்களைப் பேச்சிலேயே பிடித்துவிடலாம். இன்ஸ்டாகிராமில் படத்துக்கோ ரீலுக்கோ கீழே எழுதும் இணைப்பு சாதாரணமாகத் தொட்டால் திறக்காது. நம் பக்கத்தின் மேலே உள்ள அறிமுகப் பகுதியான பயோவில் இணைப்பு வைக்கலாம், 2023இலிருந்து ஐந்து வரை. ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ரீலிலும் இணைப்பு என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால், எப்படித் தருவீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். பின்டரஸ்ட் வேறு மாதிரி. அங்கே ‘பின்’ என்று சொல்லும் ஒவ்வொரு படப் பதிவிலேயே இணைப்பு உண்டு, தேடுபவர்கள் கண்ணில் பல மாதம் கழித்தும் படும். மெதுவாகத்தான் வருவார்கள், ஆனால் விஷயத்தைத் தேடி வருவார்கள். என் மடலுக்கு அப்படி வந்தவர்கள்தான் இன்றும் நிலைத்திருக்கிறார்கள்.

யாரை அமர்த்தினாலும் சரி, சேருபவர் தன் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதி செய்தால்தான் பட்டியலில் ஏற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கூலியையும் அப்படி உறுதி செய்தவர்களின் எண்ணிக்கைக்கே பேசுங்கள். “அது வளர்ச்சியைக் குறைக்கும்” என்று மறுத்தால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த மடலை அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள். அந்த நிறுவனத்தார் வேலை தொடங்கிய தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களைத் தனியாகப் பிரித்து, எங்கிருந்து வந்தார்கள் என்று நிச்சயமாகத் தெரியாதவர்களை நீக்குங்கள். பிறகு கொஞ்ச காலம், முன்பு பதில் எழுதியவர்களுக்கும் இணைப்பைத் தொட்டவர்களுக்கும் மட்டும் அனுப்புங்கள். மடல் ஸ்பேமில் கிடந்தால் இன்பாக்ஸுக்கு நகர்த்தச் சொல்லி அவர்களிடம் கேளுங்கள். நானும் இப்போது இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் இன்னும் சரியாகவில்லை, பாதிப் பேருக்கு மேல் இன்பாக்ஸுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது.