ஹூஸ்டனா, டாலஸா: வசதியுள்ளவர்கள் எங்கே வீடு வாங்கலாம்?

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்ற ஒரே காரணத்துக்காக வருகிறவர்களுக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான். சொத்து வரியும் இரண்டிலும் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டியே வரும். கோடை இரண்டிலும் வறுத்தெடுக்கும். தொழிலை விற்றுவிட்டு ஓய்வுக்கு இடம் தேடிய நானும் என் கணவரும் ஹூஸ்டனைத் தேர்ந்தெடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

டாலஸ் மட்டமான ஊர் அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹைலண்ட் பார்க்குக்குப் போகலாம். பெருநகரத்துக்கு நடுவே இருந்தாலும் அது தனி ஊர். போலீஸ் தனி, அரசுப் பள்ளிகளும் பெயர் பெற்றவை. இசைப் பிரியர்களுக்கு ஐ. எம். பெய் வடிவமைத்த மேயர்சன் அரங்கம் இருக்கிறது. ஆனால் அங்கே கலை நகர மையத்தில் குடியிருக்கிறது. காரில் போய், பார்த்து, காரில் திரும்ப வேண்டும்.

ஹூஸ்டனின் மெனில் அருங்காட்சியகம் குடியிருப்புத் தெருக்களுக்குள்ளேயே இருக்கிறது. அனுமதி எப்போதும் இலவசம். 1987-இல் ரென்சோ பியானோ கட்டிய அந்தக் கட்டடத்தின் கூரையில் வரிசையாக வளைந்த இலைகள் போன்ற தகடுகள்; வெயில் அவற்றில் பட்டுச் சிதறி, சூடில்லாத வெளிச்சமாக ஓவியங்கள்மேல் இறங்குகிறது. மேகம் கடந்தால் அறையே ஒரு கணம் மங்கித் தெளியும். சுற்றியுள்ள சிறு வீடுகளுக்கும் சாம்பல் நிறமே அடித்திருக்கிறார்கள். வெளியே ஓக் மரத்தடிப் புல்லில் யாரும் உட்கார்ந்துகொள்ளலாம். பணம் படைத்த ஒரு குடும்பம் ஊருக்கு இப்படி ஒன்றை விட்டுப்போயிருக்கிறது என்பதே எனக்கு இந்த ஊர்மேல் மதிப்பை உண்டாக்கியது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகின் மிகப் பெரிய மருத்துவ வளாகமான டெக்சாஸ் மெடிக்கல் சென்டர், ஹூஸ்டனின் பணக்காரப் பகுதியான ரிவர் ஓக்ஸிலிருந்து சிறிது நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. எந்த நிபுணரைப் பார்க்கவும் விமானம் ஏற வேண்டியதில்லை. தெற்கே பியர்லேண்டில் மீனாட்சியம்மன் கோயில். சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: 2024-இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்செலின் வழிகாட்டி முதன்முறையாக டெக்சாஸுக்கு வந்தபோது, இந்தியச் சமையல் செய்யும் முசாஃபர் உட்பட ஹூஸ்டனின் பல உணவகங்களுக்கு நட்சத்திரம் கிடைத்தது. டாலஸ் நகருக்கு ஒன்றே ஒன்று.

இத்தனைக்கும் விலை தண்ணீர். 2017-இல் ஹார்வி புயலின்போது ஆடிக்ஸ், பார்க்கர் அணைகளைத் திறந்துவிட்டதில் மெமோரியல் பகுதியின் மாளிகைகள் நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்றன. செம்பரம்பாக்கம் திறந்தபோது அடையாற்றங்கரை பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெமோரியலில் நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் அலமாரிக் கதவைத் திறந்தேன். தரையிலிருந்து நான்கடி வரை சுவர்ப் பலகை புதிது. அதற்கு மேலே பழசு. மின் பிளக்குகள் இடுப்புயரத்துக்கு ஏறியிருந்தன. தரகர் சமையலறைப் பளிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

டாலஸிலும் இயற்கை சும்மா இருப்பதில்லை. ஆலங்கட்டி மழை கூரைகளை நொறுக்கும். 2019 அக்டோபரில் டொர்னேடோ எனும் சுழல்காற்று பணக்காரப் பகுதியான பிரஸ்டன் ஹாலோவுக்குள்ளேயே புகுந்தது. ஆனால் ஹூஸ்டனில் 2024 ஜூலை பெரில் புயலில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எரிவாயு ஜெனரேட்டர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்காதீர்கள்.

அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீடு வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான் தரும். பல மில்லியன் டாலர் வீட்டுக்கு அது அடித்தளம் போடக்கூடக் காணாது. மேல்தொகைக்குத் தனியார் காப்பீடு வேண்டும். வெள்ள வரைபடத்தில் ‘பாதுகாப்பான’ இடம் என்று காட்டினாலும் நம்பாதீர்கள்; ஹார்வியில் நனைந்த வீடுகளில் ஏராளமானவை அந்த வரைபடத்தின் வெள்ள அபாயக் கோட்டுக்கு வெளியே இருந்தவை. முன்பு வெள்ளம் புகுந்திருந்தால் விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2019 முதல் சட்டம் இருக்கிறது. அந்தப் படிவத்தையும் தரைமட்ட உயரச் சான்றிதழையும் கையில் வாங்கிப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.