நாடகப் போஸ்டருக்குப் பழைய சாயல்: படத்தைப் பழசாக்கலாமா, வண்ணத்தைக் குறைக்கலாமா?

மேடை நாடகத்துக்குப் பழங்காலச் சாயலில் போஸ்டர் செய்ய இரண்டு வழிகள் உண்டு. நடிகர்களின் புகைப்படத்தின் மேல் மங்கிய தாள், மடிப்புக் கோடு, கீறல் எல்லாம் ஏற்றுவது ஒன்று. இரண்டு மூன்று தட்டை வண்ணங்களில் வெக்டராக, அதாவது பிக்சல் இல்லாமல் கோடும் வடிவமுமாக வரைவது இன்னொன்று. சமீபத்தில் ஒரு நாடகத்துக்கு நான் செய்தது இரண்டாவது வழியில். இனியும் அப்படித்தான் செய்வேன்.

புகைப்பட வழி வேகமானது. வரையத் தெரியாதவர்களுக்கும் கைகொடுக்கும். ஆனால் பழைய போஸ்டருக்கு அந்தச் சாயல் வந்தது அழுக்கால் அல்ல, அச்சுமுறையால். 1930களில் அமெரிக்க அரசின் நாடகத் திட்டமான ஃபெடரல் தியேட்டர் ப்ராஜெக்ட் நடத்திய நாடகங்களுக்கு சில்க் ஸ்க்ரீனில் (சல்லடைத் துணி வழியாக மையை அழுத்தும் முறை) போஸ்டர்கள் அச்சிட்டார்கள். அந்த முறையில் வண்ணத்துக்கு ஒரு ஸ்க்ரீன் வேண்டும். வண்ணம் கூடினால் வேலையும் கூடும். அதனால்தான் முகம் நிழலாகச் சுருங்கியது, எழுத்து தடித்தது. அதே கட்டுப்பாட்டை நாமும் வைத்துக்கொண்டால் சாயல் தானாக வருகிறது. மஞ்சள் மேல் வெளிர் நீலத்தை மல்டிப்ளையில் (மை மேல் மை அச்சிட்டது போல வண்ணம் கலக்கும் அமைப்பு) வைத்தால் பச்சை இலவசமாகக் கிடைக்கும்.

என் முடிவுக்கு உண்மையான காரணம் திருத்தம். நாடகப் போஸ்டர் ஒரே தடவையில் முடிவதில்லை. தேதி மாறும், அரங்கு மாறும், நடிகர் ஒருவர் விலகுவார். புகைப்படத்தில் அவர் முகம் இருந்தால் மறுபடி படமெடுக்க வேண்டியதுதான். கீறலும் எழுத்தும் ஒரே லேயரில் (படத்தின் ஒரே அடுக்கில்) கலந்துவிட்டால் தேதியை மாற்றிய இடம் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அளவும் தொல்லை. ஏ3 தாளுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 × 4961 பிக்சல். அதைப் பேனராகப் பெரிதாக்கினால் தாளின் சொரசொரப்பு திட்டுத்திட்டாகும். பழைய அச்சு போலத் தெரியப் புள்ளிகள் போட்டிருந்தால், கைபேசிக்குச் சுருக்கும்போது அவை அலை அலையாக நெளியும். வெக்டரில் தேதியைத் தட்டச்சு செய்தால் போதும், எந்த அளவுக்கும் கோடு கூர்மையாகவே நிற்கும். எங்கள் போஸ்டரில் தேதியும் அரங்கும் மாறின. இரண்டையும் உட்கார்ந்த இடத்திலேயே சரி செய்ய முடிந்தது.

சரி, நடிகரின் முகத்துக்காகவே கூட்டம் வருகிற நாடகம் என்றால்? அப்படி ஒன்றுக்கு நான் செய்ததில்லை. அங்கே புகைப்படம் ஜெயிக்கலாம். அப்போதும் முகத்தை த்ரெஷோல்டில் (படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாகப் பிரிக்கும் வசதி) ஒற்றை வண்ணமாக்கி, கீறல்களைத் தனி லேயரில் வைத்துப் பாருங்கள். முகம் தெரியும், தேதியையும் தொல்லையில்லாமல் மாற்றலாம்.