மூன்றரை நட்சத்திரமும் முழங்கை நீள இலையும்

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்கைல் பக்கம். மழைக்குக் குறைவில்லை, மண்ணும் அமில மண், ரோடோடென்ட்ரான் என்ற பூஞ்செடி வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். டனூன் அருகே பென்மோர் தாவரவியல் தோட்டத்தில் அதன் பெரிய இலை வகைகளைப் பார்த்துவிட்டு வந்த மயக்கத்தில், தபாலில் செடி அனுப்பும் ஒரு நர்சரியில் அந்த வகைகளில் சைனோகிராண்டி ஒன்று, மக்கபியானம் ஒன்று என்று இரண்டு கன்றுகள் வாங்கினேன். இது நடந்து மூன்று வருஷம். வந்த வாரமே இந்த விமர்சனத்தை எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன்.

பேக்கிங் அவ்வளவு அருமை, ஓர் இலைகூட மடங்கவில்லை. ஆனால் மக்கபியானத்தின் தொட்டியைக் கவிழ்த்தால் வேருக்குள் வெள்ளை வெள்ளையாகக் கூன்வண்டுப் புழு. படம் எடுத்து அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் வேறு கன்று அனுப்பினார்கள். சரி, அது மன்னித்துவிடக்கூடியதுதான்.

மன்னிக்க முடியாதது அவர்கள் கேட்லாக். சைனோகிராண்டிக்கு எதிரே "மிதமான நிழல், ஈரமான அமில மண்" என்று போட்டதோடு சரி, காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தச் செடியின் இலை நல்ல இடத்தில் 80 சென்டிமீட்டர்வரை போகும், அவ்வளவு பெரிய இலை கடற்காற்றில் என்ன ஆகும்? முதல் குளிர்காலத்திலேயே கொல்லைப்புற வாழை இலை மாதிரி நார்நாராகிவிட்டது, அப்புறம் வசந்தத்தில் வந்த வெள்ளிக் குருத்தைப் பிந்திய உறைபனி கருக்கியது. போன் செய்தால், "காற்றுக்கு மறைப்பு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அதைக் காசு வாங்கும் முன்னால் அல்லவா கேட்டிருக்க வேண்டும்!

மக்கபியானம் கதை வேறு. மணிப்பூர், நாகாலாந்து மலைக்காரச் செடி, 1920களில் தாவரம் தேடி அலைந்த கிங்டன்-வார்ட் என்ற ஆங்கிலேயர் விதை கொண்டுவந்து இங்கே பரவியது. வீட்டுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவில் வைத்தேன். குழியை ஆழமாகத் தோண்டாமல் வேர்க்கட்டியின் மேல்பகுதி மண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும்படி நட்டு, சுற்றிலும் மக்கிய இலைச்சருகு போட்டதோடு என் வேலை முடிந்தது, உரம் எதுவும் இல்லை. இந்த வருஷம் இலை முழங்கை நீளம் வந்திருக்கிறது, திருப்பினால் வெள்ளைக் கம்பளி ஒட்டியது போல இருக்கிறது. ஊட்டியில் காட்டுப்பூவரசை, அதாவது நீலகிரி ரோடோடென்ட்ரானைப் பார்த்து வளர்ந்த என் மனைவி, இதுவும் அந்தக் குடும்பம்தான் என்றால் இன்னும் நம்ப மறுக்கிறாள்.

விதையிலிருந்து வந்த கன்று என்பதால் மஞ்சள் பூவைப் பார்க்கப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகலாம். இதை மட்டும் கேட்லாக்கில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள், அதற்கு அரை நட்சத்திரம் சேர்த்து மூன்றரை. சைனோகிராண்டியை வருகிற அக்டோபரில் பைன் மரங்களுக்குப் பின்னால் மாற்றப்போகிறேன், மறைப்பில்லாத தோட்டக்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம், கேட்லாக் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.