அறவுணர்வு: அருளப்பட்டதா, கூடப்பிறந்ததா?

சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனின் கொடையைப் பாடவந்த புலவர் முடமோசியார், அதற்குச் சொல்லப்படக்கூடிய ஒரு காரணத்தை எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிடுகிறார். இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அவன் அல்லன் என்கிறது புறநானூற்றின் 134ஆம் பாடல். மறுமையை எதிர்பார்த்துச் செய்யும் நன்மை வெறும் கொள்முதலாகிவிடும் என்ற அந்த ஐயம், ஒழுக்கம் மதத்திலிருந்து வருகிறதா, மனிதனோடு கூடவே பிறக்கிறதா என்ற இன்றைய வழக்கிலும் உயிரோடு இருக்கிறது.

மதத் தரப்பு முன்வைப்பது இரண்டு கூற்றுகளை. எது தவறு என்று சொல்ல ஒரு கடவுள் வேண்டும். சாட்சியில்லாத இடத்திலும் மனிதன் அதைச் செய்யாதிருக்க, அவர் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். முதல் கூற்று நெடுங்காலமாகவே தள்ளாடுகிறது. தேவர்களுக்கு உகந்தது என்பதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமானது என்பதால் அவர்களுக்கு உகந்ததாகிறதா என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் யூதிப்ரோவைக் கேட்கிறார். முன்னதை ஏற்றால், கட்டளை மாறும் நாளில் கொலையும் அறமாகிவிடும். பின்னதை ஏற்றால், அளவுகோல் வேறெங்கோ இருக்கிறது. நன்மையே கடவுளின் இயல்பு என்று இறையியலாளர்கள் தரும் மறுமொழி, என் பார்வையில், கேள்வியை அடுத்த அறைக்கு நகர்த்துகிறதே தவிர தீர்க்கவில்லை.

இயல்புத் தரப்பு வாதங்களைவிடச் சோதனைகளையே நம்பி நிற்கிறது. 1964இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ரீசஸ் குரங்குகளுக்கு முன் இரண்டு சங்கிலிகள் தொங்கவிடப்பட்டன. எதை இழுத்தாலும் உணவு கிடைக்கும். ஆனால் ஒன்றை இழுத்தால் கூடுதலாகக் கிடைக்கும், கூடவே கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் இன்னொரு குரங்குக்கு மின்னதிர்ச்சியும் போகும். பெரும்பாலான குரங்குகள் அந்தச் சங்கிலியைத் தவிர்த்தன. ஒரு குரங்கு 12 நாள் எந்தச் சங்கிலியையும் தொடாமல் பட்டினியே கிடந்தது. (இந்தச் சோதனையில் கவலைக்குரியவர்கள் குரங்குகள் அல்லர், அதை வடிவமைத்தவர்கள்தாம் என்று சொல்லத் தோன்றுகிறது.) மனிதக் குழந்தைகளைப் பொறுத்தவரை, 18 மாதமே ஆன குழந்தைகள், கைதவறி விழுந்த பொருளை எட்ட முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு, எந்தப் பரிசும் இல்லாமலேயே அதை எடுத்துக் கொடுப்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆயினும் இத்தரப்பு தன் கையிருப்பை மிகைப்படுத்துவதும் உண்டு. மேடேற முயலும் வட்டமான ஒரு மரப்பொம்மைக்கு உதவிய பொம்மையையும் அதைக் கீழே தள்ளிய பொம்மையையும் நீட்டியபோது, 6 மாதக் குழந்தைகள் 12 பேரும் உதவிய பொம்மையையே தொட்டனர் என்ற 2007ஆம் ஆண்டு ஆய்வு பெரும் புகழ் பெற்றது. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் செய்து 2024இல் முடிவை வெளியிட்டபோது, அப்படியொரு விருப்பம் தென்படவில்லை. அதைவிட முக்கியமான குறை ஒன்று குரங்குச் சோதனையிலேயே இருக்கிறது: அதிர்ச்சி வாங்கும் குரங்கு தன் கூண்டுத் தோழனாக இருக்கும்போது இரக்கம் கூடியது. பிறவியோடு வருவது கருணைதான், ஆனால் அது பக்கத்து வீட்டோடு நின்றுவிடக்கூடிய கருணை.

அந்த எல்லையை மதம் தாண்டவைக்கிறதா? போதனை மட்டும் போதாது என்பதற்குப் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் 40 பேரைக் கொண்டு நடத்தி 1973இல் வெளியிட்ட சோதனை சான்று. வாசற்படியில் ஒருவர் இருமி முனகிக்கொண்டு சரிந்து கிடக்க, அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே நின்றனர். விவிலியக் கதையில் வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போய்க்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். பேச்சின் பொருள் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

ஆனால் பார்க்கும் கடவுள் என்ற இரண்டாவது கூற்றை அத்தனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிஜி, வனுவாட்டு, மொரிஷியஸ், தான்சானியா உள்ளிட்ட இடங்களின் 8 சமூகங்களில் 591 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஆளுக்கு 30 நாணயங்கள், இரண்டு குவளைகள், இரு நிறப் பகடை ஒன்று. ஒரு குவளை ஊராருக்கு, மற்றது தொலைவில் வாழும், முகம் தெரியாத சக மதத்தவருக்கு. எந்தக் குவளை என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டு பகடையை உருட்ட வேண்டும். பகடை ஒரு நிறம் காட்டினால் நினைத்த குவளையில், மறு நிறம் காட்டினால் அடுத்ததில் நாணயத்தைப் போட வேண்டும். நினைத்தது எது என்பது போடுகிறவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், ஏமாற்றினால் கண்டுபிடிக்க வழியே இல்லை. தம் கடவுள் எல்லாம் அறிவார், தண்டிப்பார் என்று உறுதியாக நம்பியவர்கள், தொலைவிலிருப்பவரின் குவளையில் கூடுதலாகப் போட்டிருந்தார்கள்.

ஆகவே ஊற்று எது என்ற கேள்வியில் இயல்புத் தரப்பையும், அது எவ்வளவு தூரம் பாயும் என்ற கேள்வியில் மதத் தரப்பையும் நான் ஏற்கிறேன். பின்னதற்கு ஒரு நிபந்தனையோடு. வேறு மதத்தவருக்கென்று ஒரு குவளை அந்த ஆட்டத்தில் வைக்கப்படவில்லை.