பழைய டிராக்டரில் லிஃப்ட் தகராறு: பம்பை மாற்றுவதா, ரிங்கைப் பார்ப்பதா?

டிராக்டரின் பின்னால் எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட், தூக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. இல்லையென்றால், தூக்கிய பிறகு ஆடு தலையாட்டுகிற மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பட்டறைக்குப் போய் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "பம்பு போச்சுண்ணே, மாத்திடலாம்."

எங்கள் வண்டிக்கும் அதையே சொன்னார்கள். நாற்றங்கால் தயாராகிவிட்ட நேரம். சேறு உழவு ஓட்டியே ஆக வேண்டும் என்பதால் சரி என்று தலையாட்டிவிட்டேன். புதுப் பம்பு வந்தது, மாட்டினார்கள். மூன்றாம் நாள் வயலில் கலப்பை மறுபடி ஆடத் தொடங்கியது. வேறொரு மெக்கானிக், லிஃப்டைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் சிலிண்டரைக் கழற்றினார். மேலே மூடியிருக்கும் லிஃப்ட் கவரோடு சிலிண்டர் சேரும் இடத்தில், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் தட்டையாகி, ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. விரலால் எடுத்தபோது ரப்பராகவே இல்லை, காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி ஒடிந்தது. அதை மாற்றியதும் ஆட்டம் நின்றது. பழைய பம்பில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நான் பேசுவது ஃபெர்குசன் வழியில் வந்த வண்டிகளைப் பற்றி. ஹாரி ஃபெர்குசன் 1920-களில் வடிவமைத்த ஹைட்ராலிக் முறை, 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வெளிவரத் தொடங்கிய டிஇ 20 டிராக்டரில் பரவலானது. பிறகு மாஸி ஃபெர்குசன் 35 வந்தது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டஃபே நிறுவனம் தயாரித்த 1035-உம் அந்த வழியில் வந்ததுதான். நம் ஊர்களில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் பழைய வண்டிகளில் இவை நிறைய.

இவற்றில் பம்பு வெளியே தெரியாது. சீட்டுக்குக் கீழே, வண்டியின் நடு உடம்புக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். நான்கு பிஸ்டன்கள். இன்ஜின் விசையைப் பின்னால் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டு அதைச் சுற்றுவதால், கிளட்சை முழுக்க மிதித்தால் பம்பும் நின்றுவிடும். கண்ட்ரோல் வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாம் கேட்ட உயரத்துக்கு, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் கை வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும், அதன் பிறகு பம்பு எண்ணெய் இல்லாமல் சும்மா சுற்றும். எங்காவது எண்ணெய் கசிந்து கை சற்று இறங்கினால், உள்ளே இருக்கும் கம்பி அதை உணர்ந்து வால்வைத் திறக்கும், பம்பு மறுபடி தூக்கும். தலையாட்டல் என்பது இதுதான். அப்படியென்றால் ஆடுகிற லிஃப்டில் பம்பு உயிரோடுதான் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் தூக்கிக் காட்டுகிறது. தூக்கிய எண்ணெய் எங்கே தப்பிக்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டுப் பம்பை மாற்றுவது வீண் செலவு.

இதற்கு ஒரு சோதனை போதும். கலப்பையை முழு உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு ராத்திரி கழித்து இறங்கியிருந்தால் பழைய வண்டிக்கு அது சாதாரணம். டீ குடித்து முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டால் கசிவு பெரிது. எங்கே என்று பார்க்க, எண்ணெயைக் கொஞ்சம் வடித்துவிட்டு, அளவுக்கம்பி உள்ள பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் கலப்பைக்கு அடியில் கட்டையை அண்டை கொடுப்பது முக்கியம். கொஞ்சம் சுமை கையில் இருக்கட்டும், ஆனால் நழுவினால் கட்டையில் நிற்க வேண்டும். வெறும் லிஃப்டை நம்பி அடியில் கை வைக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது உள்ளே விரலை நீட்டவும் கூடாது. சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கும் மேல் அழுத்தத்தில் வரும் எண்ணெய் ஊசி மாதிரி தோலைத் துளைத்துவிடும். அப்படி நேர்ந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து எண்ணெய் ஒழுகினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கிறது. சிலிண்டர் மேலே கவரோடு சேரும் இடத்தில் சொட்டினால், எங்களுக்கு நடந்ததுபோல ஓ ரிங். பம்பிலிருந்து மேலே ஏறும் குழாயின் தலைப்பில் கசிந்தால் அங்கேயும் ஒரு ரிங் உண்டு. இந்த மூன்றும் காய்ந்திருந்து கை மட்டும் இறங்குகிறது என்றால்தான், எண்ணெய் கண்ட்ரோல் வால்வு வழியாகத் திரும்பிப் போகிறதோ என்று பம்பைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முழுப் பம்பு தேவைப்படாமல் வால்வை மட்டும் மாற்றி முடிக்க முடிகிற வண்டிகள் உண்டு.

அப்படியானால் பம்பை மாற்றுவது எப்போது சரி? தூக்கவே மறுக்கும்போது, அதுவும் கீழே சொல்கிற மலிவான காரணங்களைத் தள்ளிய பிறகு. காலையில் தூக்கி, எண்ணெய் சூடேறியதும் மத்தியானம் ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்க முடியாமல் முனகினால் தேய்மானம் என்று அர்த்தம். ஆனால் அது பம்பிலா சிலிண்டரிலா என்பதைப் பிரஷர் மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். லிஃப்ட் கவரில் மீட்டர் மாட்ட இடம் இருக்கிறது. மீட்டர் வைக்காமல் பம்பு என்று சொல்கிற மெக்கானிக்கிடம், "ஒரு தடவை மீட்டர் வச்சிப் பாத்துடுங்களேன்" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கூலி விஷயத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சீட்டைக் கழற்ற வேண்டும், செயின் பிளாக் போட்டு லிஃப்ட் கவரைத் தூக்க வேண்டும். பம்பு என்றால் கூடுதலாகப் பின்னாலிருந்து பி.டி.ஓ. தண்டை உருவி, இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் முளைகளை எடுக்க வேண்டும். பொருள் விலையில்தான் மடுவுக்கும் மலைக்குமான வித்தியாசம். ஆகவே என் முடிவு: எந்தக் காரணத்துக்காகக் கவர் மேலே வந்தாலும் பிஸ்டன் ரிங், ஓ ரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். எங்கள் முதல் மெக்கானிக் செய்யாமல் விட்டது இதைத்தான். கவரைத் தூக்கியவர் சிலிண்டரைத் தொடவே இல்லை.

மலிவான காரணங்களுக்கு வருவோம். மண்ணின் இழுவைக்கு ஏற்ப கலப்பையை ஏற்றி இறக்கும் டிராஃப்ட் லீவர் மேலே இல்லாவிட்டால், உயரத்தை வைக்கும் பொசிஷன் லீவரை என்ன இழுத்தாலும் கை சரியாக வராது. யாரோ சின்னப் பையன் ஏறி உட்கார்ந்து லீவரைத் தள்ளியிருப்பான், நாம் பட்டறைக்கு வண்டியை ஓட்டியிருப்போம். பல மாதம் சும்மா நின்ற வண்டியில் கண்ட்ரோல் வால்வு ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது லீவரை நாலைந்து முறை வேகமாக மேலும் கீழும் தள்ளினாலே சில நேரம் விட்டுவிடும்.

அடுத்தது எண்ணெய். கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். சேற்றில் உழும் வண்டியில் தண்ணீர் புகுந்து எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துப் போகும். அதோடு ஓட்டினால் புதுப் பம்பும் கெடும். டிப்பர் டிரெய்லர் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: டிரெய்லரைச் சாய்க்கும் ஜாக்கி நீளும்போது இழுக்கிற எண்ணெயும் இதே தொட்டியிலிருந்துதான் போகிறது. அளவு குறைந்த வண்டியில் பம்பு காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். எண்ணெய் மாற்ற இருபது லிட்டர் கேன் ஒன்று போதாது, செலவு இருக்கிறது. இருந்தாலும் பம்போடு ஒப்பிட்டால் அது சின்னது, எப்படியும் செய்ய வேண்டியதும்கூட. உள்ளே எண்ணெயை வடிகட்டும் வலையையும் அப்போதே கழுவிவிடலாம்.

பம்பு வெளியே இன்ஜின் பக்கம் இருக்கிற வண்டிகளில் கணக்கு வேறு. அங்கே பம்பைக் கழற்றுவது எளிது, அதனால் முதலில் அதைச் சந்தேகிப்பதில் தப்பில்லை. அப்போதும் உறிஞ்சும் ஓஸின் கிளிப்பை இறுக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எந்த வழியில் போனாலும் கவரை மூடும் நேரத்தில் பட்டறையில் நில்லுங்கள். கவரிலிருந்து தொங்கும் கம்பிகள் பம்பின் வால்வில் சரியான இடத்தில் போய் உட்கார வேண்டும். எங்கள் இரண்டாவது மெக்கானிக் கவரைச் சங்கிலியில் தொங்கவிட்டு, ஒரு பையனை இறக்கச் சொல்லி, தான் தரையில் ஒருக்களித்துப் படுத்துப் பக்க ஓட்டைக்குள் முழங்கை வரை விட்டுக் கம்பியைத் தடவித் தடவி உட்காரவைத்தார். "இரு... இரு... ம், இப்ப விடு" என்ற பிறகுதான் கவர் உட்கார்ந்தது. அது தவறினால் தூக்கியது இறங்காது, இல்லையென்றால் தூக்கவே தூக்காது, இறுக்கிய போல்ட்டெல்லாம் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.